முத்தையாவின் புள்ளி

அண்ணாமலையார் கோவிலுக்குப் போகிறவர்கள் மலையைப் பார்க்கிறார்கள், ராஜகோபுரத்தைப் பார்க்கிறார்கள். பதினொரு நிலை, 217 அடி என்று பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். சுவர்களைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. சுவர்களில் இருப்பது எழுத்து. சோழர் காலத்தில் தொடங்கி, ஹொய்சளர், விஜயநகரத்து மன்னர்கள் என்று வந்தவர்கள் எல்லோரும் கல்லில் வெட்டிவைத்த சாசனங்கள்.

பக்திப் பரவசத்தை எதிர்பார்த்துக்கொண்டு அவற்றைப் படிக்கிறவர் சற்று ஏமாந்துதான் போவார். முக்கால்வாசியும் வரவு செலவுச் சமாசாரம். விளக்கெரிக்க இத்தனை ஆடு. திருவமுதுக்கு இத்தனை நிலம். அந்த நிலத்துக்குக் கீழ்பாற்கெல்லை இது, தென்பாற்கெல்லை இது. கன்னட நாட்டு ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் இந்த ஊரில் வந்து தங்கி அரசு செலுத்தினான். அவன் காலத்திலும் இங்கே கல்லில் ஏறியது தமிழ்தான். நிலம் யாருடையது, எல்லை எது என்று சொல்லும் எழுத்து அந்த மண்ணில் நிற்கிறவனுக்குப் புரிய வேண்டும் என்பது அந்தக் காலத்து ராஜாங்கத்துக்குத் தெரிந்திருந்தது.

பிறகு வந்த ராஜாங்கம் ஒன்றுக்கு அது மறந்துபோயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் கிராமத்துக் கர்ணம் எழுதிய சிட்டாவும் அடங்கலும் தமிழில் இருந்தன. ஆனால் காகிதம் கிராமத்தை விட்டு மேலே ஏற ஏறத் தமிழ் தேய்ந்துகொண்டே போய், ஜில்லாத் தலைநகரை அடையும்போது முழுக்க ஆங்கிலமாகிவிடும். மேலேயிருந்து இறங்கி வரும் உத்தரவும் ஆங்கிலத்திலேயே வரும். இதற்கு ஆட்சியாளரின் மொழி ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சரித்திரப் புத்தகங்கள் அதிகம் சொல்வதில்லை. ஆபீஸ் மேஜைமேல் உட்கார்ந்திருந்த டைப்ரைட்டர் யந்திரத்துக்குத் தமிழ் தெரியாது.

அந்த யந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தவரைப் பற்றித்தான் இங்கே சொல்ல நினைக்கிறேன். அவர் பெயர் ஆர். முத்தையா. 1886ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். 1907ல், அந்தக் காலத்து யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலரையும் போலப் பிழைப்புத் தேடி மலாயாப் பக்கம் கப்பலேறினார். முதலில் ரயில்வேயில் வேலை. பிறகு ஐல்ஸ்பரி அண்டு கார்லாந்து என்ற வர்த்தக நிறுவனத்தில் குமாஸ்தா. அங்கேயே தலைமைக் குமாஸ்தாவாக உயர்ந்தார். சுருக்கெழுத்து, டைப், கணக்கு வைத்தல் எல்லாம் கற்றுக்கொண்டார். பெரிய சர்வகலாசாலைப் பட்டமோ, யந்திர சாஸ்திரப் படிப்போ பெற்றவர் என்று அவரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. நாள் முழுவதும் ஆங்கிலக் கடிதங்களைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு தமிழர். தட்டித் தட்டி விரல் தேய்ந்த எத்தனையோ குமாஸ்தாக்கள் இருந்தார்கள். இது நம் எழுத்துக்கு ஏன் ஆகாது என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டவர் இவர்.

அந்தக் கேள்வி எவ்வளவு கடினமானது என்பது இன்றைக்குக் கைப்பேசியில் விரலை ஓட்டுகிற நமக்குச் சட்டென்று விளங்காது. கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

டைப்ரைட்டர் ஆங்கிலத்துக்காகப் பிறந்த யந்திரம். அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1868ல் அதற்கு உரிமை பெற்றார்கள். துப்பாக்கியும் தையல் யந்திரமும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் கம்பெனி 1874ல் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. 1878ல் வந்த அடுத்த யந்திரத்தில் ஒரு விசைக்கு இரண்டு எழுத்து என்ற ஏற்பாடு அமைந்தது. இருபத்தாறு எழுத்துள்ள மொழிக்கு இது தாராளம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள், நிறுத்தக் குறிகள் எல்லாம் போட்ட பிறகும் இடம் மிஞ்சும்.

தமிழுக்கு உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆக 247. இதற்கு மேல் ஸ, ஷ, ஜ, ஹ முதலான எழுத்துக்கள் வேறு. யந்திரத்திலோ 46 விசை. ஒவ்வொன்றிலும் இரண்டு என்றாலும் 92 உருவத்துக்கு மேல் இடமில்லை. எழுத்து அதிகமானதால் திண்டாடிய மொழி தமிழ் ஒன்றுதான் என்பதில்லை. சீனர்கள் தங்கள் எழுத்துக்காகத் தட்டு நிறைய ஆயிரக்கணக்கான அச்செழுத்துக்களைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடிக்கும் ஒரு யந்திரத்தைச் செய்துகொண்டார்கள். துருக்கி தேசம் 1928ல் தன் பழைய எழுத்தையே விட்டுவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறிவிட்டது. நம் தேசத்திலும் சுநீதி குமார் சட்டர்ஜி போன்ற பெரிய மொழியறிஞர் 1935ல், இந்திய மொழிகளை எல்லாம் ரோமன் எழுத்தில் எழுதலாம் என்று யோசனை சொன்னார். இவற்றுக்கெல்லாம் யந்திரம் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் புதிய யந்திரங்கள் வந்த அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் எழுத்துக்களைப் பார்த்து, "நீ கொஞ்சம் வளைந்து கொடு" என்ற குரல் கேட்டது உண்மை. முத்தையா எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு யந்திரத்தை வளைத்தார்.

எப்படி வளைத்தார்? தமிழ் எழுத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்த்தார். கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் இவையெல்லாம் தனியாக நிற்பவை. 'கொ' என்று அடிக்க ஒரு கொம்பு, ஒரு க, ஒரு கால் போதும்; ககரத்துக்கு வைத்த கொம்பே சகரத்துக்கும் மகரத்துக்கும் ஆகும். உகர ஊகார வரிசைகள் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுகிறவை. அவற்றில் பலவற்றுக்குத் தனி இடம் கொடுத்தே தீர வேண்டும். மீதி நின்றது பெரிய சங்கடம்: எழுத்தின் தலையிலே உட்காரும் புள்ளியும், மேல்விலங்கு என்று நம் வாத்தியார்கள் சொல்வார்களே, அந்த இகர ஈகாரக் குறிகளும். டைப்ரைட்டரில் ஒரு விசையைத் தட்டினால் காகிதத்தைத் தாங்கிய வண்டி ஓர் எழுத்து தூரம் நகர்ந்துவிடும். ம அடித்துவிட்டுப் புள்ளி அடித்தால் புள்ளி ம-வின் தலையில் விழாது. அடுத்த வீட்டில் போய் விழும்.

இதற்கு அவர் கையாண்டது நகரா விசை. தட்டினால் குறி விழும், வண்டி நகராது. பிரெஞ்சு முதலிய ஐரோப்பிய மொழிகளின் யந்திரங்களில் எழுத்தின் தலைமேல் போடும் குறிகளுக்காக இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. நம் புள்ளிக்கும் மேல்விலங்குக்கும் அதுவே கதி என்பதைக் கண்டுகொண்டதில்தான் அவருடைய புத்தி இருக்கிறது. 'அம்மா' என்று அடிக்க வேண்டுமானால் முதலில் அ. பிறகு புள்ளி, வண்டி அசையாமல் நிற்கும். அதன் கீழே ம, இப்போது வண்டி நகரும். அப்புறம் இன்னொரு ம, ஒரு கால். கையால் எழுதும்போது மெய்யை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். யந்திரத்தில் புள்ளி வைத்துவிட்டு எழுத்துக்குக் காத்திருக்கிறோம். ஐந்து வயதில் மணலில் படித்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. இடது கை விரல்களை 'யளனக' என்ற நான்கு எழுத்தின்மேல் வைத்துத் தமிழ் டைப் படித்தவர்கள் எல்லோரும் முதல் பத்து நாள் இந்தப் புள்ளியிடம் அவஸ்தைப்பட்டிருப்பார்கள். பதினோராவது நாள் அது விரலுக்குப் பழகிவிடும். பிறகு அது ஓர் ஏற்பாடு என்பதே நினைவிலிருந்து போய்விடும். நல்ல ஏற்பாடுகளுக்கெல்லாம் வருகிற கதி இது.

முத்தையாவின் யந்திரத்தைச் செய்து கொடுத்தது ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்திலிருந்த சைடல் அண்டு நௌமன் கம்பெனி. ஐடியல், எரிக்கா, பிஜோ என்ற பெயர்களில் யந்திரம் செய்தவர்கள் அவர்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒருவர் மலாயாவில் இருந்துகொண்டு மனத்தில் போட்ட கணக்கு, ஜெர்மன் தொழிலாளி கையால் எஃகில் அச்சாகி, தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் ரெமிங்டன், கோத்ரேஜ், ஹால்டா, ஃபாசிட் என்று பல பெயர்களில் தமிழ் யந்திரங்கள் வந்தன. விசைகளின் வரிசையைச் சர்க்கார் ஒழுங்குபடுத்தியது. அங்கங்கே இடம் மாற்றியது. ஆனால் புள்ளி அடித்தால் வண்டி நிற்கும் என்ற ஆதாரம் மட்டும் எல்லாவற்றிலும் நிலைத்தது.

காமராஜர் முதன்மந்திரியாக இருந்த 1956ஆம் ஆண்டில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் சென்னைச் சட்டசபையில் நிறைவேறியது. 1976ல் செய்த திருத்தம் கீழ்க்கோர்ட்டுகளிலும் தமிழுக்கு இடம் தேடிக் கொடுத்தது. சட்டம் செய்தவர்களுக்கு நாம் நன்றி சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஓர் உத்தரவுக்கு ஏழு நகல் வேண்டும் என்றால் ஏழு தடவை கையால் எழுத எந்த ஆபீஸ் குமாஸ்தா சம்மதிப்பான்? "சட்டம் சரிதான் ஐயா, யந்திரம் இல்லையே" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிக் கோப்பைக் கட்டி வைத்துவிடலாம். அந்த வார்த்தையைச் சொல்ல முடியாதபடி முன்னாலேயே வழியை அடைத்துவிட்டுப் போனவர் முத்தையா. சட்டம் கதவைத் திறந்தது. உள்ளே போக ஒரு வண்டி தயாராக நின்றது.

இந்த வண்டி எங்கள் ஊரில் என்ன காரியம் செய்தது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1989 செப்டம்பர் 30ஆம் தேதிதான் திருவண்ணாமலை தனி ஜில்லாவாயிற்று. அதற்கு முன்னால் கலெக்டரைப் பார்க்க வேண்டுமானால் வேலூருக்குப் பஸ் ஏற வேண்டும். மனு சரியாக இல்லை என்றால் திரும்பி வந்து, மறுபடியும் ஏற வேண்டும். ஆகவே மனுவை முதலிலேயே சரியாக அடித்துக் கொடுக்கிறவர் ஜனங்களுக்குத் தெய்வம் மாதிரி. ஜில்லா ஆன பிறகும் அந்த மதிப்புக் குறையவில்லை. தாலுகா ஆபீஸ் ஓரத்தில் புங்கமரத்தடியில் ஒரு ஸ்டூலில் யந்திரத்தை வைத்துக்கொண்டு அடிக்கிறவர் ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்த நான், என் அத்தையோடு அவரிடம் போனேன். மாமா இறந்துபோய், ஒன்றரை ஏக்கர் மேட்டு நிலத்தின் பட்டாவை அத்தை பெயருக்கு மாற்ற வேண்டும். அத்தைக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும்.

அவர் விவரம் கேட்டு, மடமடவென்று அடித்து, காகிதத்தை உருவி, உரக்கப் படித்துக் காட்டினார். அத்தை தலையை ஆட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"சாமி, அந்தக் கெணறு எங்க இருக்குதுன்னு படிச்சீங்க?"

"மேற்கே அம்மா."

"மேற்க இல்ல சாமி, கெழக்க. மேற்கன்னா அது பங்காளி கெணறு ஆயிடுமே."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பழைய பத்திரத்தைப் பார்த்தார். அத்தை சொன்னதுதான் சரி. ஒன்றும் பேசாமல் புதுக் காகிதம் மூன்று எடுத்து, நடுவே கார்பன் வைத்து, முழுவதையும் மறுபடி அடித்தார். ஒன்று ஆபீசுக்கு, ஒன்று கையிருப்புக்கு, ஒன்று எதற்கும் இருக்கட்டும் என்று. கூலி அதிகம் கேட்கவில்லை.

அந்த வயதில் எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பல வருஷம் கழித்து, எங்கள் தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய ஆங்கிலக் காகிதம் ஒன்று கிடைத்தது. அதே நிலத்தைப் பற்றி வெள்ளைக்காரன் காலத்தில் டைப் அடித்த ஒரு மனுவின் நகல். தாத்தாவின் இடது கைப் பெருவிரல் ரேகை கீழே இருந்தது. அதில் எழுதியிருந்தது இன்னது என்று அவருக்கு எவராவது சொன்னார்களோ என்னவோ; சொன்னதைத்தான் அவர் நம்பியிருக்க வேண்டும். கிணறு கிழக்கே இருக்கிறதா மேற்கே இருக்கிறதா என்று தாத்தாவுக்கு அத்தையைவிட நன்றாகத் தெரியும். அந்தக் காகிதத்தை நிறுத்திக் கேட்க மட்டும் அவரால் முடிந்திராது. அத்தையால் முடிந்தது. இருவருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் படிப்பு என்று சொல்ல முடியாது, இருவருமே படிக்காதவர்கள். காகிதத்தின் பாஷைதான் மாறியிருந்தது.

சர்க்கார் தமிழ் எல்லாம் ஜனங்களுக்குப் புரிகிற தமிழ் என்று நான் வாதாட வரவில்லை. "மேற்படியாரின் மேற்படி விண்ணப்பத்தின் பேரில்" என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவைக் கண்டு பிடிக்க நிகண்டு படித்தவனாலும் ஆகாது. தமிழில் அடித்த உத்தரவாலேயே ஏமாந்தவர்களும் உண்டு. ஆனாலும் புரியாத தமிழை இன்னொருவரிடம் காட்டி, "இது என்னங்க, இப்படிப் போட்டிருக்கு?" என்று தெருவிலே கேட்கலாம். கேட்பதற்கு ஒரு பிடி கிடைக்கிறது. அந்தப் பிடி சாமானியமானது அல்ல.

யந்திரம் வேறு பல இடங்களுக்கும் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பரீட்சைக் கேள்வித்தாள் ஸ்டென்ஸிலில் அடித்து உருட்டப்பட்டது. நாடகக்காரர்களுக்கு வசனப் பிரதி கிடைத்தது. என்னைப் போல் கோணல் மாணலாக எழுதும் கதாசிரியனின் கையெழுத்தும் பத்திரிகை ஆசிரியர் கண்ணில் மரியாதை பெற்றது. எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் என்ற பெயரில் ஊருக்கு ஊர் மாடிப்படி ஏறும் ஒரு சின்னக் கூடம் உண்டாயிற்று. எங்கள் ஊரிலும் காலை ஆறு மணிக்கே அந்தத் தடதடச் சத்தம் தெருவில் கேட்கும். கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுப் பெண்கள் ஆறு மாதம், ஒரு வருஷம் அங்கே போய், இளநிலை, முதுநிலை என்று பரீட்சை கொடுத்து, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று சர்டிபிகேட் வாங்கி, தேர்வாணையத்தின் மூலம் தட்டச்சராக உத்தியோகத்துக்குப் போனார்கள். மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தது. கல்யாணப் பேச்சிலே அவர்கள் அபிப்பிராயத்துக்கும் ஒரு இடம் வந்தது. மலாயாவில் ஒரு குமாஸ்தா புள்ளியை எங்கே வைப்பது என்று யோசித்ததற்கும் திருவண்ணாமலையில் ஒரு பெண் தன் கல்யாணத்தைத் தானே தள்ளிப்போட்டதற்கும் சம்பந்தம் உண்டு என்றால் சிரிக்கத் தோன்றும். சம்பந்தம் உண்டு.

அந்த யந்திரங்களின் காலம் முடிந்துவிட்டது. இந்தியாவில் 1955லிருந்து டைப்ரைட்டர் செய்த கோத்ரேஜ் கம்பெனி 2009ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. 1999ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டிக் கம்ப்யூட்டருக்கென்றே 'தமிழ் 99' என்ற புதிய விசைப்பலகை வகுக்கப்பட்டது. அது படிக்க எளிது என்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் சர்க்கார் ஆபீசுகளிலும் டி.டி.பி. கடைகளிலும் பழைய தட்டச்சு வரிசையை விட மனமில்லாதவர்கள் ஏராளம். அவர்களுக்காகக் கம்ப்யூட்டரிலும் அந்த வரிசை இருக்கிறது. அதில் ஒரு வேடிக்கை. இன்று உலகம் முழுவதும் வழங்கும் யூனிகோட் முறையில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. பழைய விரலோ புள்ளியை முதலில் அடிக்கிறது. ஆகையால் கம்ப்யூட்டர் அந்தப் புள்ளியைக் கையில் பிடித்துக்கொண்டு, எழுத்து வரும் வரையில் காத்திருந்து, வந்ததும் அதன் பின்னால் சேர்க்கிறது. நகருவதற்கு வண்டியே இல்லாத யந்திரம், வண்டி நிற்கிறாற்போல் நிற்கிறது.

கோவில் சுவரில் ஆடு கொடுத்தவன் பெயர் இருக்கிறது. நிலம் கொடுத்தவன் பெயர் இருக்கிறது. தர்மத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்று எழுதிவைப்பது அந்தக் காலத்துச் சாசன மரபு. கொடுத்தவனை மறக்கக் கூடாது என்ற கவலை அவர்களுக்கு அவ்வளவு இருந்தது. முத்தையா கொடுத்தது எந்தச் சுவரிலும் இல்லை. தமிழ் டைப் பரீட்சையில் தேறியவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் ஒருவருக்காவது அவர் பெயர் தெரியுமா என்பது சந்தேகம். நான் கேட்டுப் பார்த்தவர்களில் எவருக்கும் தெரியவில்லை.

சிலை வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிலைகளுக்கு இந்த நாட்டில் என்ன கதி நேர்கிறது என்று நமக்குத் தெரியும். தமிழ் டைப் சொல்லிக் கொடுக்கிற கூடங்கள் இன்னும் இருக்கின்றன; சுவரில் பிள்ளையார் படமும் சரஸ்வதி படமும் மாட்டியிருக்கிறார்கள். புதிதாக வந்து உட்காரும் பெண், புள்ளி ஏன் முதலில் என்று கேட்பாள், எல்லோரும் கேட்கிறார்கள். அப்போது 'அது அப்படித்தான்' என்று சொல்லாமல், யாழ்ப்பாணத்து முத்தையா என்று ஒருவர் இருந்தார், அவர் செய்த ஏற்பாடு இது என்று ஆசிரியர் ஒரு நிமிஷம் நின்று சொல்லலாம். சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடரலாம். அவருக்கு நாம் பட்டிருக்கும் கடனுக்கு வட்டியில் ஒரு தம்பிடியாவது கழியும்.